ஞாயிறு கறி, சனிக்கிழமை ஊசி: ஏற்காட்டுக் குறிப்புகள்

செப்டம்பர் 12, 2021, ஞாயிறு

மாநிலம் முழுக்க முதல் மெகா கொரோனா தடுப்பூசி முகாம். மலை ஏறுகிற தடுப்பூசிப் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஐஸ் பேக். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு அடுக்கினால் குப்பி உறைந்துபோகும், உறைந்த கோவிஷீல்டு தடுப்பூசி குப்பைக்குத்தான். பேக் வெளியே கிடந்து வியர்க்கணும், ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கணும். பிறகே நாலு பக்கமும் செருகலாம். 2 முதல் 8 டிகிரி தாண்டக்கூடாது.

செப்டம்பர் 19, ஞாயிறு

குப்பிக்கு 5 மி.லி., ஆளுக்கு அரை மி.லி., பத்துப் பேர் கணக்கு. திறந்த நேரத்தை லேபிளில் எழுதணும். நாலு மணி நேரம் கடந்தால் மிச்சம் வீண். அந்தப் பயத்தில் "பத்துப் பேர் சேரட்டும்" என்று உட்கார வைக்கிறோம். எஸ்டேட்டில் வந்து நிற்பது மூணே பேர். அரை மணி பார்த்துவிட்டு நடையைக் கட்டுவார்கள், மறுபடி பிடிப்பது கஷ்டம். திறந்துவிட்டு, மீதியை அடுத்த லைன் வீடுகளுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எடுத்துப் போவதே மேல். ஏழு டோஸ் வீணானாலும் சரி.

அக்டோபர் 3, ஞாயிறு

"காய்ச்சல் வருமா?" என்றால் "வராது" என்று சொல்லவே கூடாது. ராத்திரி ஒருத்தருக்கு அடித்தால் போதும், விடிவதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். "மேல் வலிக்கும், காய்ச்சல் அடிக்கலாம், பாராசிட்டமால் 500 ஒண்ணு போடுங்க, ரெண்டு நாள்ல விட்டுடும். மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா உடனே ஆஸ்பத்திரி." இப்படித்தான் சொல்லணும். பயம் ஊசி மேல் இல்லை, போகிற கூலி மேல்தான். 84 நாள் இடைவெளி இருப்பதால், இப்போது போட்டவர்களின் இரண்டாம் தவணை காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில் வந்து நிற்கும். அந்த ஊசியை வார லீவுக்கு முந்தின சாயங்காலம் வைக்கணும்.

அக்டோபர் 23, சனி

முகாம் ஞாயிறிலிருந்து இன்றைக்கு மாறியது கறிக்காகவும் சரக்குக்காகவும். ஊசி போட்டால் கவுச்சியும் சரக்கும் ஆகாது என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வரவில்லை. அப்படி எந்த மருத்துவ விதியும் கிடையாது. ஆனாலும் வாதாடாமல் கிழமையை மாற்றியது கெட்டிக்காரத்தனம். ஆனால் மலையில் சனி வேலை நாள், பகலில் ஈ ஓட்டணும்.

நடிகர் விவேக் ஊசியால்தான் செத்தார் என்ற பேச்சும் ஓயவில்லை. ஏப்ரல் 15 ஊசி, 17 மரணம். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு இப்போதுதான் சொல்லியிருக்கிறது. அறிக்கையை நீட்டுவதைவிட, அவருடைய இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தது என்று சொன்னால் கேட்கிறார்கள்.

சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்களுக்காக ஒரு டீம், ரெண்டு குப்பி.