வைட்டமின்தானே என்று விழுங்கிய மாத்திரை

தைராய்டு சுரப்பு குறைவு என்பதால் மூன்று ஆண்டுகளாக 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை எடுத்துவரும் நான், கடந்த மார்கழியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனையில் உள்ள பரிசோதனைக் கூடத்திற்குச் சென்றேன். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவு இரவில் ஏறிப் பிற்பகலில் இறங்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் ரத்தம் கொடுத்தால்தான் ஒப்பிட வசதியாக இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றைய தைராக்ஸினை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும் என்பதும் நினைவிலிருந்தது. ஆனால் முடி கொட்டுகிறதே என்று நானாக வாங்கிச் சாப்பிட்டுவந்த 10 மில்லிகிராம் பயோட்டினை, வைட்டமின்தானே என்று கிளம்பும்போது விழுங்கிவிட்டேன்.

கையில் ரப்பர் பட்டையைக் கட்டிய பெண், "சாப்பிட்டீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டு, மஞ்சள் மூடியிட்ட குழாயில் ரத்தத்தை எடுத்துக்கொண்டார். வேறு என்ன மாத்திரை என்று அங்கு யாரும் கேட்கவில்லை; அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு.

மாலையில் வந்த அறிக்கையில் டி.எஸ்.எச். 0.36 என்று குறைந்தும், ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் உள்ள தைராக்ஸின், இயல்புக்கு மேலும் இருந்தது. உடலில் தைராக்ஸின் மிகுந்துவிட்டது என்று பொருள்; அதன்படி மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டும். எனக்கோ, அது குறைந்தால் வருவதுபோல, உடல் கனத்து, மலச்சிக்கலும் சோர்வுமாக இருந்தது. மருத்துவர் இரு கைகளையும் நீட்டச் சொல்லி, நடுக்கமில்லை என்று பார்த்தபின் நாடியைப் பிடித்தார், 62. "ரிப்போர்ட் ஒன்று சொல்கிறது, உங்கள் உடம்பு வேறொன்று சொல்கிறதே அம்மா. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்றார்.

பயோட்டினைச் சொன்னதும் அவர் விளக்கினார். பல பரிசோதனைக் கருவிகள், பயோட்டின் ஒரு புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்தியே ஹார்மோனை அளக்கின்றனவாம். ரத்தத்திலேயே பயோட்டின் மிகுந்திருந்தால் அது அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ள, டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். ஹார்மோனில் மாற்றமே இருக்காது. அளவீடு மட்டும்தான் தவறும்.

பயோட்டினை நிறுத்தி ஒரு வாரம் கழித்து, அதே இடத்தில், அதே நேரத்தில் மீண்டும் கொடுத்தேன். டி.எஸ்.எச். 6.4, அதாவது தைராக்ஸின் போதவில்லை. குறைக்கப்பட இருந்த தைராக்ஸின் 75 மைக்ரோகிராமாக உயர்ந்தது. ரத்தத்தில் டி4 பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும் என்பதால், புதிய அளவு நிலைபெற்றதா என்பதை ஆறு வாரங்களுக்குப் பிறகே பார்க்க முடியும். அடுத்த பரிசோதனை மாசி மாதம்.