பாதர் பிரவுன் காசில் ஓடிய பத்திரிகை

ஜனவரி 9
ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டனின் பாதர் பிரவுன் கதைகளை மறுபடி எடுத்தேன். துப்பறியும் பாதிரியார்தான் பாதர் பிரவுன். 1911இல் வந்த முதல் தொகுதி. ஒரு கதையில் கட்டட வாசலில் நாலு பேர் காவல். யாருமே உள்ளே போகவில்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். மாடியில் கொலை நடந்துவிட்டது. போனவர் தபால்காரர். (நூறு வருஷம் தாண்டிய கதை, முடிவைச் சொன்னதற்குச் சண்டைக்கு வராதீர்கள்.) காவலுக்கு நின்றவர்கள் பொய் சொல்லவில்லை; தபால்காரரை ஓர் ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை. செஸ்டர்டனின் அரசியல் மொத்தமும் இந்த ஒரு கதையில் இருக்கிறது.

ஜனவரி 11
அதே தொகுதியில் இன்னொரு கதை. பணக்காரர்களின் ஹோட்டல் விருந்து. விருந்தாளிக்கும் சர்வருக்கும் ஒரே கறுப்புக் கோட்டு. திருடன் ஃபிளாம்போ கனவான்கள் நடுவே சர்வராக விறுவிறுவென்று நடக்கிறான். சர்வர்கள் நடுவே துரையாக ஆற அமர உலாவுகிறான். பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருக்கும் பாதிரியார் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடுகிறார். இவ்வளவு பட்டும் கனவான் ஒருவருக்குத் தோன்றுவது, இனி பச்சைக் கோட்டு போட்டால் நம்மை யாரும் சர்வர் என்று நினைக்கமாட்டார்கள் என்பதுதான். வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜனவரி 14
அந்தச் சிரிப்பு இன்று கசக்கிறது. 1920இல் வந்த தன் ஜெருசலேம் பயண நூலில் செஸ்டர்டன், இங்கிலாந்து யூதர்கள் எந்தப் பதவிக்கும் வரட்டும், ஆனால் அரபு உடை உடுத்தட்டும் என்கிறார். பாதி வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் யூதர் மீதான காழ்ப்பு அவர் எழுத்தில் பல இடங்களில் உண்டு. அந்தக் காலத்து ஆள் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. உடுப்பை வைத்து ஆளைப் பிரிக்கிறவர்களைக் கேலி செய்தவரும் இவர்தானே!

ஜனவரி 18
சொத்துப் பரவல் பற்றிய அவருடைய 1926 நூல். சொத்து நாலு முதலாளிகளிடமும் குவியக் கூடாது, அரசிடமும் குவியக் கூடாது. சின்னக் கடை, சின்ன வயல் என்று பலர் கையில் இருக்க வேண்டும். நண்பரும் எழுத்தாளருமான ஹிலேர் பெல்லாக்கும் அவரும் சேர்ந்து வளர்த்த கொள்கை. சரி, எப்படி? பெரிய கடைகளைப் புறக்கணியுங்கள் என்கிறார். எனக்குப் போதவில்லை. தபால்காரர் கதையில் இருந்த கூர்மை இதில் இல்லை.

ஜனவரி 20
கட்டுரையே சோடை என்றும் சொல்ல முடியாது. 1909 செப்டம்பரில் லண்டன் வார இதழ் ஒன்றில், இந்திய தேசியம் அவ்வளவாக இந்தியத்தன்மையோடு இல்லை என்று எழுதினார். அப்போது லண்டனில் இருந்த காந்தி அதைப் படித்துவிட்டுத் தன் தென்னாப்பிரிக்கப் பத்திரிகையான ‘இந்தியன் ஒப்பீனிய’னில் குறிப்பிட்டு எழுதினார். அதே நவம்பரில், தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் காந்தியின் ‘இந்திய சுயராஜ்யம்’ நூல் பிறந்தது.

ஜனவரி 23
மறுபடி பாதர் பிரவுன். இரண்டாம் தொகுதி 1914இல். மூன்றாவது 1926இல்தான். நடுவில், 1925இல், தன் பெயரிலேயே வாரப் பத்திரிகை தொடங்கியிருந்தார். கொள்கையைப் பரப்பியது பத்திரிகை, காசையும் தின்றது. துப்பறியும் கதை எழுதித்தான் அதற்குத் தீனி போட்டார். பிந்தைய கதைகளில் அந்த அவசரம் தெரிகிறது. புதிர் இருக்கிறது, மனிதர்கள் அட்டைப் பொம்மைகள். அடுத்தது 1927 தொகுதி. அதிலும் ஒன்றிரண்டு தேறும் என்று நினைக்கிறேன்.