இரண்டாவது ஆள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் பதினோரு விநாடிக் காட்சி ஒன்றைத் திரையில் போட்டேன். சனிக்கிழமை ஆட்டத்தின் மூன்றாவது குவார்ட்டர். பந்து தரையில் கிடக்கிறது. எங்கள் பையன் அதிலிருந்து நாலு மீட்டர் தள்ளி, எதிரணிக்காரன் ஆறேழு மீட்டர் தள்ளி. பந்தை எடுத்தது எதிரணிக்காரன். அவ்வளவுதான் காட்சி. பயிற்சியாளர் கத்தவில்லை. "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவை போட்டேன். பையன் குனிந்து காலுறையின் விளிம்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அதை வெட்டியவன் நான். அந்தக் கோப்புக்கு 'முயற்சி' என்று பெயர் வைத்தவனும் நான்தான்.

மெல்பர்னில் ஆஸ்திரேலிய ஃபுட்பால் கிளப் ஒன்றில் எனக்கு வீடியோ அலசும் வேலை. ஆட்டம் முழுவதையும் பார்த்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் குறி போட்டு, பயிற்சியாளர்கள் கேட்கிற மாதிரி துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்க வேண்டும். ஊரில் இருந்தவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட். ஃபார்ம் போன பேட்ஸ்மேனைக் கண்டுபிடிக்க வீடியோ எதற்கு, ஸ்கோர்போர்டு போதும். அவனால் ஒளிய முடியாது, பந்து அவனைத் தேடி வந்துவிடும். இந்த ஆட்டத்தில் பந்தைத் தேடி ஆள் போக வேண்டும். பக்கத்துக்கு 18 பேர். நூற்றைம்பது மீட்டரையும் தாண்டும் முட்டைவடிவ மைதானம். ஆஃப்சைடு கிடையாது. ஆட்டத்தை நடுவிலிருந்து தொடங்கும் நேரம் தவிர, யாரும் எங்கேயும் நிற்கலாம். ஒளிய வேண்டும் என்று ஒருவன் நினைத்துவிட்டால் ஐம்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளியலாம். தொலைக்காட்சிக் கேமரா பந்தை விட்டு நகராது. கோல் கம்பங்களுக்குப் பின்னால் உயரத்தில் கிளப்புகள் வைக்கும் கேமராவுக்கு மட்டும் மொத்த மைதானமும் தெரியும். என் பிழைப்பு அந்தக் கேமராவில்தான்.

பையனுக்கு அப்போது இருபது வயது. கிளப்புகள் வருடாவருடம் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவன். உயரம், வேகம், இரண்டு காலிலும் உதை. பதினேழு வயதில் அவனைப் பற்றி எழுதாத விளையாட்டுப் பக்கம் இல்லை. கிளப்புக்கு வந்த இரண்டாம் வருடத்தில் சீனியர் அணியில் இரண்டு வாரம், வி.எஃப்.எல். என்ற கீழ்நிலைப் போட்டியில் ஆடும் ரிசர்வ் அணியில் மூன்று வாரம் என்று பந்தாடப்பட்டுக்கொண்டிருந்தான்.

என்னைக் குழப்பியது அவன் எண்கள். வீரர்கள் ஆட்டச் சட்டைக்குள் தோள்பட்டைகளுக்கு நடுவே ஜிபிஎஸ் கருவி ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். அதன் கணக்கில் பையன் ஆட்டத்துக்கு 13 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகிறான். நடுக்களத்தில் நல்ல பெயர் வாங்கியவர்களின் ஓட்டம் அது. ஆனால் பந்து அவன் கைக்கு வருவது எட்டோ ஒன்பதோ முறை. வந்த பந்தையும் பத்திரமாக, கிட்டே நிற்பவனுக்கே தள்ளிவிடுவான். மோசமான தவறுக்கு இங்கே 'கிளாங்கர்' என்று பேர். வந்த புதிதில் கேலிச்சொல் என்று நினைத்தேன்; ஆட்டக் கணக்கில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அதே போல 'ஒன் பெர்சென்டர்' என்று இன்னொரு கட்டம். எதிரணிக்காரன் பிடிக்கப்போகும் பந்தை முஷ்டியால் தட்டிவிடுவது, உதைக்கிற காலின் மேலேயே விழுந்து பந்தை மறிப்பது, தோழன் தப்பி ஓட உடம்பைக் குறுக்கே கொடுப்பது, இந்த மாதிரி கைத்தட்டல் வராத வேலைகளெல்லாம் அதில் வரும். பையனுக்கு கிளாங்கர் பூஜ்யம். ஒன் பெர்சென்டரும் பூஜ்யம். துவைக்கவே தேவையில்லாத சட்டை மாதிரி ஒரு கணக்கு.

ஓடுகிறான், ஆனால் பந்து வராத இடமாகப் பார்த்து ஓடுகிறான். பின்கேமராவில் அது துல்லியமாகத் தெரியும். பந்து இடது ஓரம் போனால் இவன் வலது ஓரத்தில் கையைத் தூக்கி 'இங்கே கொடு' என்று கூப்பிடுவான். அவ்வளவு தூரம் யாராலும் உதைக்க முடியாது என்று அவனுக்கும் தெரியும். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பார்களே, அதற்கு அவனை உதாரணமாகவே காட்டலாம். யாராவது கோல் அடித்தால் கட்டிப்பிடிக்க முதலில் போய் நிற்பவன் அவன்தான்.

எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அவன் நடத்தையும் அப்படி. ரிசர்வ் ஆட்டங்களில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வேண்டாவெறுப்பாக வந்தவன் மாதிரி நிற்பான். பயிற்சி முடிந்ததும், தலைமைப் பயிற்சியாளரின் ஜன்னலுக்கு நேரே நின்று தனியாக அரைமணி நேரம் கோல் உதைப்பான். அவர் கார் கிளம்பியதும் பந்துகளை அப்படியே விட்டுவிட்டுப் போவான். அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும், எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்தான் அவற்றைப் பொறுக்குவார். எல்லாவற்றையும் பயம் என்ற ஒரே பெட்டியில் போட்டுப் பூட்ட நான் தயாரில்லை. அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது, பதினேழு வயதில் ஊரே சேர்ந்து ஊட்டிய திமிர்.

டிராஃப்ட் எண் ஒருவனை என்ன செய்யும் என்பதற்கு இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் பெயர்கள் உண்டு. 2008 டிராஃப்டில் முதல் ஆளாக மெல்பர்ன் அணி எடுத்த ஜாக் வாட்ஸ், 2009இல் மகாராணி பிறந்தநாள் ஆட்டத்தில் அறிமுகமானபோது இன்னும் பள்ளி மாணவர். எம்.சி.ஜி. மைதானத்தில் பந்தைத் தொட்ட மாத்திரத்தில் கோலிங்வுட் வீரர்கள் மொத்தமாக அவர்மேல் விழுந்த காட்சி ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. 2017இல் அதே நாளில், அதே அணிக்கு எதிராக, ஆட்டத்தை வென்று கொடுத்த கோலை அடித்தவரும் அவர்தான். அந்த வருடக் கடைசியிலேயே அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

டாம் பாய்ட் கதை இன்னும் கனமானது. 2013 டிராஃப்டில் முதல் ஆள். அடுத்த வருடமே வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அவரை ஏழு வருட ஒப்பந்தத்தில் வாங்கியது, தொகை எழுபது லட்சம் டாலர் என்று பேசினார்கள். மோசமாக ஆடிய ஒவ்வொரு வாரமும் அந்தத் தொகையைச் சொல்லிச் சொல்லியே அடித்தார்கள். 2016 இறுதியாட்டத்தில் மூன்று கோல் அடித்தார். 62 வருடம் கழித்து அந்த அணிக்குக் கோப்பை வந்தது. அதோடு எல்லாம் சரியாகியிருக்க வேண்டும் அல்லவா? மறு வருடமே மனநலத்துக்காக ஆட்டத்திலிருந்து விலகி இருந்தார். ஒப்பந்தத்தில் ஆண்டுகள் மீதமிருக்கும்போதே 2019இல், 23 வயதில், ஓய்வு அறிவித்துவிட்டார்.

கிளப்புகள் எதுவும் செய்யாமல் இல்லை. 2016இல் 13ஆம் இடத்தில் இருந்த ரிச்மண்ட் அணி, மறு வருடம் 37 வருடப் பஞ்சத்தை முடித்துக் கோப்பையைத் தூக்கியது. அந்தப் பருவத்தில் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஆளாளுக்குத் தன் நாயகன், தான் பட்ட கஷ்டம், தன் வாழ்வின் உச்சம் என்று மனம் விட்டுப் பேசினார்களாம். ஜெயித்தவன் சாப்பிட்ட மருந்தைத்தானே எல்லோரும் வாங்குவார்கள்? எங்கள் கிளப்பிலும் வட்டமாக உட்கார்ந்தோம். பையன் முறை வந்தபோது தன் தாத்தாவின் டிராக்டரைப் பற்றி ஒரு கதை சொன்னான். அறையே விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான். அங்கேயும் ஒளிந்துகொண்டான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

விஷயம் பிடிபட்டது என் கவனக்குறைவால். காட்சியை வெட்டும்போது, நிகழ்வுக்கு எத்தனை விநாடி முன்பிருந்து தொடங்க வேண்டும் என்று மென்பொருளில் வைத்துக்கொள்ளலாம். நான் எப்போதும் மூன்று வைப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தூக்கக் கலக்கத்தில் அது எட்டு ஆகியிருந்தது. திரும்ப வெட்டச் சோம்பல்பட்டு அப்படியே ஓட்டிப் பார்த்தேன்.

அந்த அதிகப்படி ஐந்து விநாடியில் இன்னொரு ஆள் இருந்தான். பந்து காற்றில் கிளம்பியதும் முதலில் அசைவது இவன்தான். விழப்போகும் இடத்தை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுகிறான். அந்த வாசிப்பு யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. இரண்டு எட்டு வைக்கிறான். பிறகு தலை பக்கவாட்டில் திரும்புகிறது, தோழன் யாராவது வருகிறானா என்று. வந்தால் மெல்ல வேகத்தைக் குறைத்து, விருந்தாளிக்கு வழிவிடுவது போல, அவனை முன்னால் விட்டு இவன் இரண்டாவது ஆளாகப் போய்ச் சேர்கிறான். யாரும் வராவிட்டால் அடியைச் சுருக்கிச் சுருக்கி எதிரணிக்காரனை முந்தவிடுகிறான். நான் இத்தனை வாரம் வெட்டியது அந்தச் சுருக்கிய அடிகளை மட்டும்தான். அன்றிரவு பழைய ஆட்டங்களையெல்லாம் எட்டு விநாடி வைத்து மறுபடி பார்த்தேன். பத்தில் ஏழெட்டில் அந்தத் தலை திரும்பியது.

முதல் வருடக் காட்சிகளில் அது இல்லை. அவனுடைய நான்காவது சீனியர் ஆட்டம் வரை இல்லை. அந்த ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில், பின்களத்திலிருந்து மைதானத்தின் நடுவே துணிந்து ஒரு பந்தை உதைத்தான். அது எதிரணிக்காரன் நெஞ்சில் போய் விழுந்தது, அவர்களுக்குக் கோல் ஆனது. கோலுக்கு ஆறு புள்ளி. நாங்கள் தோற்றது அதற்கும் குறைவாக. பந்தயத்தில் பணம் விட்டவர்கள் அன்றிரவு அவன் கைபேசிக்கு அனுப்பியவற்றை இங்கே எழுத முடியாது. வியாழக்கிழமை அணி அறிவிப்பில் அவன் பெயர் இல்லை. திங்கட்கிழமை அந்த உதையை அறையில் போட்டுக் காட்டியதும் நான்தான். எத்தனை முறை என்று நினைவில்லை.

காலில் கட்டுப் போடும் அறையில் ஒருநாள் தனியாக மாட்டினான். மடிக்கணினியைத் திறந்து நாலு காட்சிகளைக் காட்டினேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இதுல நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றான்.

"தப்பே பண்ணலை. அதுதான் பிரச்சினை."

கொஞ்ச நேரம் கட்டுத்துணியைக் கிழித்துக்கொண்டிருந்தான். "பந்துக்குப் போய்த் தவற விட்டா நீ வெட்டுவே, மேட். போகலைன்னா பாதி நேரம் நீயே கவனிக்க மாட்டே."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பல வருட வேலையை அவன் இரண்டு வாக்கியத்தில் அலசிவிட்டான்.

பயிற்சியாளரிடம் போனேன். போய்த் தோற்ற முயற்சிகளையும் தனியாக வெட்டித் திங்கட்கிழமை காட்டலாமா என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய ஒப்பந்தமும் அந்த வருடத்தோடு முடிகிறது, அணி புள்ளிப் பட்டியலில் கீழே கிடக்கிறது. "வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு மூணு ஆள் வேணும். நீ சினிமா காட்டணுமா?" என்றார். ரிசர்வ் அணிப் பயிற்சியாளர் மட்டும் சரி என்றார். அவருக்கு இழக்க ஒன்றுமில்லை.

ஆறு வாரம் செய்தோம். பெரிய மாற்றம் என்று சொன்னால் பொய். சில வாரம் பழைய பையன், சில குவார்ட்டர் வேறு பையன்.

கிரான்போர்னில் கேசி ஃபீல்ட்ஸ் மைதானம். அங்கே காற்றைப் பற்றிப் பேசாமல் ஆட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. எங்கள் பக்கம் உதைத்த பந்தைக் காற்று பிடித்து இழுத்துக்கொண்டு போனது. பையன் அதன் அடியிலேயே, அது போகிற திசையிலேயே, அண்ணாந்து பார்த்தபடி பின்னால் ஓடினான். எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாத ஓட்டம் அது. இந்த ஆட்டக்காரர்கள் ஒருவனை 'சாஃப்ட்' என்று ஒதுக்குவதும் மதிப்பதும் அந்த ஒரு ஓட்டத்தை வைத்துத்தான். தலை திரும்பவில்லை. எதிரே வந்தவனின் இடுப்பு இவன் விலாவில் இடித்தது. பந்து கையில் பட்டு நழுவியது. அவர்கள் அதை எடுத்துக் கோல் போட்டார்கள்.

என் தாளில் அவனுக்கு ஒரு தவறு ஏறியது. திரையில் பார்த்தால், நாலா பக்கமிருந்தும் எங்கள் ஆட்கள் அவனை நோக்கி ஓடி வருகிறார்கள். பந்தை எதிரணி கோல் போட்டுவிட்டது, ஆனாலும் ஓடி வந்து தூக்கி நிறுத்தித் தலைமயிரைக் கலைக்கிறார்கள். பையன் எழுந்து நின்று சிரித்தானா வலியில் முகம் சுளித்தானா என்று அத்தனை தூரத்துக் கேமராவில் சொல்ல முடியவில்லை.

விலா எலும்பில் விரிசல். பருவம் முடியும் தருவாயில் திரும்பி வந்து இரண்டு ரிசர்வ் ஆட்டம் ஆடினான். ஆளுக்கு இருபது நிமிடம் என்று நடக்கும் வருடக் கடைசிச் சந்திப்பில் அவனுடையது ஏழு நிமிடத்தில் முடிந்தது. புதிய ஒப்பந்தம் இல்லை. அதே வாரம் பயிற்சியாளருக்கும் இல்லை.

லாக்கரைக் காலி செய்ய வந்தவன் என் அறை வாசலில் நின்றான். முதல் சீனியர் ஆட்டத்தில் அடித்த கோல் வேண்டும், பாட்டிக்குக் காட்ட வேண்டும் என்றான். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவன் கேட்காமலேயே கேசி ஃபீல்ட்ஸ் காட்சியையும் சேர்த்திருந்தேன், பந்து வருவதற்கு எட்டு விநாடி முன்பிருந்து. இப்போது மெல்பர்னுக்கு வெளியே ஒரு சின்ன ஊர் அணியில் சனிக்கிழமைகளில் ஆடுகிறானாம். அங்கே கோலுக்குப் பின்னால் கேமரா கிடையாது.