ஒமேகா சென்டாரி பஞ்சாகத் தெரிகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள்

எட்டு அங்குலத் தொலைநோக்கியிலும் ஒமேகா சென்டாரி வெறும் பஞ்சுத் துணுக்காகத்தான் தெரிந்தது என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதைத்தான். வடக்கே இருப்பவர்களுக்கு இந்தக் கோளக் கொத்து (உருண்டையாக நெருங்கிய விண்மீன் கூட்டம்) தெற்கு அடிவானத்தை விட்டு அதிகம் ஏறாது. 42.5-இல் உங்கள் அட்சரேகையைக் கழியுங்கள். அதுதான் அது எட்டும் உச்ச உயரம். 30 பாகை வடக்கில் வெறும் 12.5 பாகை. அங்கே ஒளி கடந்து வரும் காற்று, தலைக்கு மேல் இருப்பதைப் போல நாலரை மடங்கு. கொத்தின் பளிச்சென்ற விண்மீன்களே 11, 12-ஆம் ஒளித்தரம்தான் (எண் கூடக் கூட மங்கல்). இன்னும் மங்கினால் தனித்தனியாகப் பிரியாது, பஞ்சுதான் மிஞ்சும்.

ஆகவே உச்சத்தில், அதாவது நேர்தெற்கில் இருக்கும்போது, பிடிக்க வேண்டும். அதற்குச் சித்திரை (ஸ்பைகா) விண்மீன் போதும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நேர்தெற்கைக் கடக்கும்: ஏப்ரல் நடுவில் நள்ளிரவு வாக்கில், மே நடுவில் இரவு 10, ஜூன் நடுவில் 8.

டாப்சோனியன் (மேலும் கீழும், பக்கவாட்டிலும் கையால் திருப்பும் தொலைநோக்கி) குழாயில் ஒரு டிஜிட்டல் கோணமானியை ஒட்டுங்கள். 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) சித்திரையை நடுவில் வைத்து, பக்கவாட்டில் அசைக்காமல் 36.3 பாகை கீழே இறக்குங்கள். கொத்து ஒன்றரை நிமிடம் பின்தங்கி வருவதால், இறக்கி முடிப்பதற்குள் அதுவே நடுவுக்கு வந்துவிடும். சித்திரை நேர்தெற்கில் இல்லாதபோது இதைச் செய்தால் குறி தப்பும். அப்போது 'நேர்கீழ்' என்பது தெற்கு அல்ல. பைனாகுலர்காரர்களுக்கு ஜீட்டா சென்டாரி விண்மீன் போதும். கொத்து அதற்கு மேற்கே ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவு.

1200 மி.மீ. குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் அதே 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு தரும், முழுக்கொத்தும் அடங்கும். 10 மி.மீ. போட்டால் ஓரங்கள் வெளியே வழியும். ஆனால் விண்மீன்கள் மணல் தூவியதுபோலப் பிரிவது அதில்தான். கண்ணை நடுவில் நிறுத்தாமல் ஓரப்பார்வையில் வையுங்கள். நெபுலா வடிகட்டி வேண்டாம்: அது சில அலைநீளங்களை மட்டும் விடும், விண்மீனோ எல்லா நிறத்திலும் ஒளிர்வது.

17,000 ஒளியாண்டு தொலைவில் சுமார் ஒரு கோடி விண்மீன்கள். மையத்தருகே வேகமாக ஓடும் ஏழு விண்மீன்களை வைத்து, குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை இருப்பதாக 2024-இல் கணித்தார்கள். அது நம் ஐபீஸில் வரப்போவதில்லை. நாலரை பாகை வடக்கே ஏறினால் சென்டாரஸ் ஏ என்ற வேறொரு விண்மீன் மண்டலம் (கேலக்ஸி) வரும்.