இடையில் கூடும் விலையில் மதிப்பு எவ்வளவு?

உற்பத்தியாளரிடம் 100க்கு இருந்த பொருள் வாங்குபவர் கைக்கு 150க்கு வருகிறது. நடுவில் உள்ளவர்கள் தின்றுவிட்டார்கள் என்பது வழக்கமான பேச்சு. சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் அந்த 50ஐப் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: இடையில் இருப்பவர் செய்த வேலையை வாங்குபவரே செய்தால் அவருக்கு எவ்வளவு செலவாகும்?

வணிகவியலில் உருவம், இடம், காலம், உடைமை என்று நாலு பயன்பாடுகளைச் சொல்வார்கள்; ஒரு பொருளை வாங்குபவருக்குப் பயனுள்ளதாக்கும் நாலு வழிகள் இவை. உருவம் பெரும்பாலும் ஆலையின் வேலை. எந்த அளவுப் பொட்டலம் விற்கிறது என்று சந்தையிலிருந்து சொல்லி அனுப்புவதுதான் அதில் சந்தையிடுகையின் பங்கு.

இடத்தைக் கணக்காகவே பார்க்கலாம். 5 உற்பத்தியாளர்கள், 100 வாடிக்கையாளர்கள். எல்லோரும் எல்லோரிடமும் நேரே வாங்கினால் 500 பேரங்கள். ஒரு மொத்த வியாபாரி நடுவில் வந்தால் 105. மிச்சமாகும் 395 பேரங்களின் அலைச்சலும் வண்டிக் கூலியும்தான் அவர் கூட்டும் மதிப்பு. வண்டி பாதி காலியாக ஓடினால் இது கரைந்துவிடும். ஓட்டுநர் கூலி அப்படியே நிற்கும், எரிபொருளும் பெரிதாகக் குறையாது. ஆகவே ஒரு பொருளுக்கான செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

அதிகம் பேர் தப்புக்கணக்குப் போடுவது காலத்தில். 100க்கு வாங்கிய சரக்கை 4 மாதம் கிடங்கில் வைக்கிறோம். மாத வட்டி 1 சதவீதம், கிடங்கு வாடகை மொத்தம் 3 என்று கொள்வோம். அடக்க விலை 107. விலை 107ஐத் தாண்டினால் லாபம் என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள். காய்ந்தும் கெட்டும் 6 சதவீதம் சேதாரம் போயிருந்தால் கையில் இருப்பது 94 பங்குதான். 107ஐ 0.94ஆல் வகுத்தால் 113.8. விலை அதற்குக் கீழே இருந்தால், காத்திருந்ததே நட்டம்.

உடைமையில் முக்கியமானது கடன். தவணை கொடுத்தால் இன்று மொத்தப் பணம் இல்லாதவரும் வாங்க முடியும். ஆனால் லாபம் 5 சதவீதமாக இருக்கும்போது 100 வராக்கடனானால், அதை ஈடுகட்ட இன்னும் 2,000க்கு விற்றாக வேண்டும்.

இந்த நாலையும்விடத் தகவலையே நான் பெரிதாக மதிப்பேன். பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். நல்ல வண்டி எது, பழுதுள்ளது எது என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது அவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார், விலகிவிடுவார். மிஞ்சியதன் தரம் இறங்கும், விலையும் கூடவே இறங்கும். தரம்பிரிப்பும் உத்தரவாதமும் முறிப்பது இந்தச் சரிவைத்தான். பொருள் அதேதான், ஆனால் ஐயம் நீங்கிய அளவுக்கு வாங்குபவர் கூடுதலாகத் தரத் தயாராகிறார்.

அதனால்தான் முதல் தரம் என்று எழுதிய மூட்டையில் இரண்டாம் தரம் கொஞ்சம் கலந்தாலும் கேடு. அடுத்த முறை அவர் எல்லா மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பார்; சோதிக்கும் செலவு மறுபடி அவர் தலையில் விழும், அதை விலையில் கழிப்பார். பல சமயம் இது ஏமாற்றும் எண்ணத்தில் நடப்பதில்லை. சரக்கு மட்டமாக வரும் நாளில், தரம்பிரிப்பவரின் கண்ணும் தன்னையறியாமல் இறங்கிவிடும். ஒவ்வொரு தரத்துக்கும் ஏற்கத்தக்க கடைசி மாதிரி ஒன்றைத் தனியே எடுத்துவைத்து, ஒவ்வொரு தொகுதியையும் அதோடு ஒப்பிட வேண்டும். நேற்றைய தொகுதியோடு அல்ல.