ஸ்கேன் பதிவும் இரண்டு கதவு எண்களும்

அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, இரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை என்று ஹை ரிஸ்க் பட்டியலில் வரும் கர்ப்பிணிகளுக்காகவே ஒரு சிறு கிளினிக் தொடங்கினேன். மற்ற வேலைகளெல்லாம் ஒரே மாதத்தில் முடிந்துவிட, ஸ்கேன் கருவிக்கான பதிவு மட்டும் என்னை ஐந்து மாதங்கள் அலைக்கழித்தது.

கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெறாத இடத்துக்குக் கருவியை விற்கவே கூடாது. ஆகவே கருவிக்கான கொட்டேஷன், பதிவுக்கான விண்ணப்பமான படிவம் ஏ இரண்டு பிரதிகள், உறுதிமொழிப் பத்திரம், 25,000 ரூபாய்க்கு டிடி (வங்கி வரைவோலை) என்று எல்லாவற்றையும் பதிவு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். எழுத்தர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, கொட்டேஷனில் 14 என்றும் வாடகை ஒப்பந்தத்தில் 31 என்றும் கதவு எண் இருப்பதை விரல் வைத்துக் காட்டினார். ஒன்று பழைய எண், மற்றது புதிய எண். வாசலில் இரண்டுமே எழுதியிருக்கின்றன என்றேன். "அதை எழுத்துல கொண்டாங்க டாக்டர்" என்றார். நகராட்சியில் சான்று வாங்கிக்கொண்டு மறுபடி போன நாளில் அவர் விடுப்பு. பக்கத்து மேசைக்காரர் கோப்பைத் தொடவே மறுத்துவிட்டார்.

மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்காமல் வந்தது என் தவறு. படிவம் ஏ-யின் அடியிலேயே அந்தச் சீட்டு இருக்கிறது. தேதியும் முத்திரையும் விழாமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். 90 நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதற்கு என்னிடம் ஆதாரமில்லை. கோப்பு தூங்கிய காலத்தில் மூன்று மாதக் கெடு தீர்ந்து டிடியும் காலாவதியானதால், வங்கிக்கு ஒரு நடை கூடியது.

இதற்கிடையில் 32 வாரக் கர்ப்பிணி ஒருவர் 150/100 அழுத்தத்தோடு வந்தார். வயிறு வாரத்துக்கேற்ற வளர்ச்சியில் இல்லை. தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்க்காமல், பிரசவத்துக்கு இன்னும் காத்திருக்கலாமா என்று சொல்ல முடியாது. அதைப் பார்க்கத் தெரிந்த நானே, மாத்திரை கொடுத்து, மாமியாரோடு ஆட்டோவில் ஏற்றி வேறொரு மையத்துக்கு அனுப்பிவிட்டு, மாலைவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டம் தேவையில்லை என்று சொல்லமாட்டேன். பெண் என்று தெரிந்து கலைத்துவிட்டு, இரத்தப்போக்கோடு வந்தவர்களை வார்டில் பார்த்தவள் நான். என் ஆத்திரமெல்லாம் அந்தக் கதவு எண் மீதுதான்.

கடைசியில் அதிகாரிகள் கிளினிக்குக்கு வந்து செய்த ஆய்வு பத்து நிமிடத்தில் முடிந்தது. பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது என்ற பலகை காத்திருப்போர் கண்ணில் படும்படி இருந்தது, சட்டத்தின் பிரதியும் மேசையில் இருந்தது. வந்தவர்கள் வேறெதுவும் கேட்கவில்லை. பதிவுச் சான்றிதழான படிவம் பி கைக்கு வந்த அன்றே அதைச் சட்டமிட்டு மாட்டினேன்.

பதிவு ஐந்தாண்டுகளுக்குத்தான், முடிவதற்கு 30 நாட்கள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். பழைய எண்ணை அழித்துவிடும்படி வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.