‘நாளைக்கே நிச்சயம்’ என்ற பொதி வெள்ளிக்கிழமை வந்த கதை

கூரியர் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லவேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. வட்ஸ்அப்பில் முன்பக்கம் மட்டும் வந்தது. திகதி, நிறை, கட்டணம் 1,650 ரூபாய், ‘மறுநாள் உத்தரவாதம்’ என்ற கட்டத்துக்குள் ஒரு சரி அடையாளம். அது போதும் என்று போனை வைத்துவிட்டேன்.

2025 பெப்ரவரி, காலபோக அறுவடை மும்முரம். வட்டக்கச்சிப் பக்கம் இரணைமடுக் குளத்துத் தண்ணியில் விளைந்த வயல் எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்து நிற்கிறது. எங்கட வெட்டு மெசின், நடு வயலுக்குள் ஹைட்ரோலிக் பம்ப் பழுதாகி நின்றுவிட்டது. உள்ளே போகிற சாவ்ட்டும் சீல் கிட்டும் மாற்றவேணும். இவர் கிளிநொச்சியில் தேடினார், வவுனியாவுக்கும் ஒருக்கால் போய்வந்தார். கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில், நாங்கள் வழமையாகச் சாமான் எடுக்கிற முதலாளியிடம் இருந்தது.

வன்னியில் இருக்கிற எவருக்கும் அடுத்த கேள்வி தெரியும்: பஸ்ஸில் போட்டு விடுவதா, கூரியரா? இரவு வெள்ளவத்தையில் வெளிக்கிடுகிற பஸ்ஸில் நடத்துநரின் கையில் ஐந்நூறு ரூபாயும் பொதியும் கொடுத்தால், விடியப்புறம் கிளிநொச்சியில் இறக்கிவிடுவார்கள். பற்றுச்சீட்டு இல்லை, நடத்துநரின் போன் இலக்கம்தான் பற்றுச்சீட்டு. ஆனால் முந்தின வருசம் அப்படி வந்த ஒரு பெல்ட் யாழ்ப்பாணம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. அதனால் முதலாளியே, “உத்தரவாதமா ஒரு சேவை இருக்கு தங்கச்சி, நாளைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்குள்ள கெடச்சிடும், பயப்புடாதீங்க” என்றார். நான்தான் ஓம் என்றேன்.

திங்கட்கிழமை, 10ஆம் திகதி பகல் இரண்டு மணிக்கு அவர் ஒப்படைத்தார். மறுநாள் தைப்பூசம். புது நெல்லில் புதிர் எடுத்துச் சோறு காய்ச்சுகிற நாள். இவர் அந்தச் சோற்றைக்கூட ஒழுங்காகச் சாப்பிடாமல் கிளிநொச்சிக் கிளைக்குப் போய்க் குந்திவிட்டார். வீட்டுக்கு கொண்டுவந்து தருவது என்றால் இன்னும் ஒருநாள் எடுக்கும் என்று முதலாளி முன்யோசனையாகப் ‘பெறுநர் கிளையில் வந்து எடுப்பார்’ என்று எழுதுவித்திருந்தார். இந்த ஒரு வரிதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. அன்று அது எனக்குக் கண்ணிலும் படவில்லை.

ஐந்து மணி ஆகியும் பொதி வரவில்லை. கிளையில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, “காலமை வவுனியாவுக்கு வந்திட்டுது அண்ணா, அங்காலை ஒண்டும் காட்டேல்லை” என்றாளாம். புதன்கிழமை நவம் போயா, பௌர்ணமி விடுமுறை, கிளை பூட்டு. வியாழனும் இல்லை. நான் ட்ரக்கிங் இலக்கத்தை அடித்துப் பார்த்தபோது புதிதாக ஒரு வரி: 11ஆம் திகதி பிற்பகல் 4.52, பெறுநர் இல்லை. படித்துவிட்டு இவரிடம் காட்டினேன். “நாலு அம்பத்திரண்டுக்கு நான் அவையின்ரை வாங்கிலைதானே இருந்தனான்!” என்றார்.

வெள்ளிக்கிழமை முற்பகல் 11.20க்குப் பொதி கைக்கு வந்தது. இதற்குள் எங்களை வெட்டச் சொல்லியிருந்த இருபது ஏக்கருக்கு மேல் வேறு மெசின்காரர் வெட்டி முடித்துவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல ஏலாது, பழுத்த நெல்லை வைத்துக்கொண்டு யார் காத்திருப்பார்கள்?

நானும் கூடப் போயிருந்தேன். இவர் கையெழுத்தைக் கீறிவிட்டு ஓடப் பார்த்தார். பேனையை வாங்கி, கையெழுத்துக்குப் பக்கத்தில் திகதியும் நேரமும் போட்டு, ‘பிந்திக் கிடைத்தது’ என்றும் எழுதி, அதைப் படம் எடுத்தேன். கிளைப் பிள்ளைக்கு விருப்பமில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. பிந்தி வந்த பொதியை வாங்குகிற அந்த நேரத்தில் ஆத்திரப்படுவதைவிட இந்த நாலு சொல்லை எழுதுவது பெரிய வேலை. பிறகு எந்தக் கணினியில் எதை மாற்றினாலும் அந்தத் தாளில் நேரம் நிற்கும்.

நட்டஈடு கேட்கப்போகிறேன் என்றதும் வீட்டில் சிரிப்பு. முதலில் நான் கேட்க நினைத்தது மூன்று நாள் உழைப்பு. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா ஒருவர் இருக்கிறார். அவர்தான் என் நினைப்பை முதலில் உடைத்தவர். “பிள்ளை, உலகத் தபால் ஒன்றியத்தின்ரை உடன்படிக்கையிலையே மறைமுக நட்டமும் போன லாபமும் கணக்கிலை எடுக்கிறேல்லை எண்டுதான் கிடக்கு. கூரியர்காரன் அதைவிடக் கூடத் தருவானோ?” என்றார். லண்டனில் இருக்கிற தங்கச்சியும் அதையே சொன்னாள். அங்கே ரோயல் மெயிலில் மறுநாள் பகல் ஒரு மணிக்குள் என்று உத்தரவாதம் கொடுக்கிற ஸ்பெஷல் டெலிவரி இருக்கிறது. பிந்தினால் திரும்பி வருவது கட்டின தபால் காசுதான். அமெரிக்காவிலும் விரைவுத் தபாலுக்கு அப்படித்தான், அதுவும் அனுப்பி 2 நாளுக்கு முந்தியும் கேட்கக்கூடாது, 30 நாளுக்குப் பிந்தியும் கேட்கக்கூடாது. ஆக, உத்தரவாதம் என்ற சொல் பொதிக்கு இல்லை, கட்டணத்துக்குத்தான். 1,650 ரூபாய். சரி, அந்த 1,650ஐ விடமாட்டேன் என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது.

அன்று பின்னேரம்தான் முதலாளியிடம் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எறும்பு எழுத்தில் இங்கிலீசு. மகளின் போனில் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்தோம். மூன்று விசயம் வயிற்றைக் கலக்கியது. அனுப்பியவர் மட்டுந்தான் உரிமை கோரலாம். ஒப்படைத்த நாளில் இருந்து 7 நாளுக்குள் எழுத்தில் கோரவேண்டும். மூலப் பற்றுச்சீட்டு வேண்டும்.

காசு கட்டியது நான். முதலாளி அதைப் பில்லில் சேர்த்துத்தான் வாங்கினார். ஆனால் தாளில் அனுப்புநர் அவர். ஏழு நாள் என்றால் 17ஆம் திகதி திங்கட்கிழமை முடிகிறது. இடையில் சனி, ஞாயிறு. எனக்கு அதிகாரம் தந்து ஒரு கடிதமும் மூலப் பற்றுச்சீட்டும் வேணும் என்று அவரிடம் கேட்டேன். பாவம், மனிதன் அலுக்காமல் கடைக் கடிதத் தலைப்பில் எழுதி, றப்பர் முத்திரை குத்தித் தந்தார். அதை எப்படி அனுப்புவது? சனி இரவு பஸ்ஸில் போட்டு விட்டார். ஞாயிறு விடிய நாலரைக்கு இவர் கந்தசுவாமி கோயிலடியில் நின்று வாங்கிவந்தார். பிந்தவில்லை.

திங்கள் காலை கடிதம் இரண்டு பிரதியோடு கிளைக்குப் போனேன். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று போட்டுத் தரச் சொன்னேன். “எங்களுக்குச் சீல் குத்த அனுமதியில்லை அக்கா.” “சீல் வேண்டாம் தங்கச்சி, உம்மடை கையெழுத்தும் இண்டையத் திகதியும் காணும்.” போட்டாள். அவளுக்கும் எரிச்சல்தான் என்று நினைக்கிறேன், வவுனியாவில் விட்ட பிழைக்குக் கிளிநொச்சியில் இருந்து ஏச்சு வாங்குகிறவள் அவள்.

தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், தாண்டிக்குளம் சோதனைச்சாவடி தாண்டி ஒரு கடிதம் எங்களிடம் வந்துசேர மாதக்கணக்காகும். உறை பிரித்து ஒட்டியிருக்கும். அதற்கு யாரிடமும் நட்டஈடு கேட்க நாங்கள் நினைத்தும் பார்த்ததில்லை, வந்ததே பெரிசு. ஒருவேளை அதனால்தான் இப்போதும் எங்கள் ஆட்கள் ‘சரி, போகட்டும்’ என்று விடுகிறார்கள்.

28ஆம் திகதி மின்னஞ்சலில் பதில். மறுப்பு. காரணம் இரண்டு: உரிய நேரத்தில் கொடுக்க முயன்றும் பெறுநர் இல்லை, இடையில் பொது விடுமுறை.

அப்போதுதான் பற்றுச்சீட்டை எடுத்து ஒரு சொல் ஒரு சொல்லாக வாசித்தேன். ‘பெறுநர் கிளையில் வந்து எடுப்பார்.’ கிளையில் வைத்துக் கொடுக்கவேண்டிய பொதிக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள்? பொதி கிளைக்கு வந்தால் அல்லவா ஆள் இல்லை என்று எழுதலாம்? இவரின் போனிலும் அன்று அவர்களிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. போயா விசயம் இன்னும் பகிடி. உத்தரவாதம் முடிந்தது 11ஆம் திகதி, போயா 12ஆம் திகதி. பின்னால் வரப்போகிற விடுமுறையை நினைத்து முதல்நாளே பொதி நின்றுவிட்டதா? இந்த இரண்டையும் மட்டும் எழுதி, பற்றுச்சீட்டில் அந்த வரிக்குக் கீழே கோடிட்டு, கையெழுத்து இட்ட தாளின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். முதல் கடிதத்தில் மெசின், வயல், கடன் என்று ஒன்றரைப் பக்கம் அழுதிருந்தேன். இரண்டாவதில் அது ஒன்றும் இல்லை.

இரண்டு கிழமைக்கு மேல் பதில் இல்லை. போன் எடுத்தால் ‘மேலிடத்துக்கு அனுப்பியிருக்கு.’

பிறகு 1977க்கு அழைத்தேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். முறைப்பாட்டை எழுத்தில் தரவேண்டும் என்றார்கள். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அவர்களின் உத்தியோகத்தரைப் போய்ப் பார்த்தேன். இளம் பெடியன், ஆனால் தாள்களை முழுதாக வாசித்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு தரவேண்டும். எனக்கு மே வரை நேரம் இருந்தது. ‘பார்ப்பம், பார்ப்பம்’ என்று கம்பனியே மூன்று மாதத்தைக் கடத்திவிட்டால் அந்தக் கதவும் பூட்டுத்தான். உழைப்பு நட்டத்தைப் பற்றியும் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். “அது கோட்டுக்குப் போற அலுவல் அக்கா. கூரியர் காசை முதல் எடுப்பம்” என்றான். தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். ஒரு பிரதியைக் கம்பனிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அது சொன்ன நேரத்துக்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஏப்ரல் முதல் கிழமையில் தலைமை அலுவலகத்தில் இருந்து ஒருவர் பேசினார். நல்ல மரியாதை. “மிஸ், கட்டணத்தைத் திருப்பித் தாறோம்.” மன்னிப்பு என்ற சொல் வரவில்லை, நானும் கேட்கவில்லை. எனது வங்கிக் கணக்கு இலக்கத்தைச் சொல்ல வாய் திறந்தபோது, “இல்லை மிஸ், அனுப்பினவருக்குத்தான் குடுக்கலாம்” என்றார். அதிகாரக் கடிதம் கோருவதற்கு மட்டுமாம், காசு வாங்குவதற்கு இல்லை. கடிதத்தில் ‘பணத்தைப் பெற்றுக்கொள்ளவும்’ என்று இரண்டு சொல் கூட எழுதுவித்திருக்கலாம்.

முதலாளிக்குக் காசு போனது. அவர் நேர்மையான மனிதன், அன்றைக்கே போன் எடுத்துச் சொன்னார். “அடுத்த சாமானுல கழிச்சுடுறன் தங்கச்சி.” போட்டோக்கொப்பி, பதிவுத் தபால், கிளிநொச்சிக்கு ஓடின பெற்றோல் எல்லாம் கூட்டினால் ஆயிரத்துக்கு மேலே வரும். இவர் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெத்திலையை மடித்தார்.

சிறுபோக வெட்டுக்கு முன்னம் ஒரு பெல்ட் தேவைப்பட்டது. பில்லில் 1,650 கழித்து, பக்கத்தில் ‘கூரியர்’ என்று எழுதியிருந்தார் முதலாளி. பெல்ட் இரவு பஸ்ஸில் வந்தது. நடத்துநருக்கு ஐந்நூறு.